உடும்பு ஓடிய நிலம்

அன்புள்ள ஐயா,

தமிழிலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ‘நிலம்’ என்ற பொதுத்தலைப்பில் ஆய்வு நல்கை அறிவித்திருக்கிறது. தனியாக விண்ணப்பிக்க முடியாது. வெவ்வேறு துறையைச் சேர்ந்த இருவராவது சேர வேண்டும், ஒருவராவது மொழி, வரலாறு, தத்துவம் போன்ற துறையிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள். மண்ணியல் படித்த என் தோழியும் நானும் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறோம். என் நெறியாளர் சிரித்தார். “மண்ணுக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம்? ஐந்திணை பத்தி ஒரு அத்தியாயம் எழுதிக் குடு, மத்ததை அந்தப் பொண்ணு பாத்துக்கும்” என்றார். கூட்டு ஆய்வு என்பதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? என்னைப் போன்றவர்களுக்கு அதில் என்ன வேலை?

ம., திருவண்ணாமலை

அன்புள்ள ம.,

விண்ணப்பியுங்கள். ஆனால் ஐந்திணை அத்தியாயம் மட்டும் வேண்டாம். அதை எழுதினால் அந்த ஆய்வில் நீங்கள் வாசலில் கட்டிய தோரணம்தான்.

கூட்டு ஆய்வில் நான் சூடு பட்டவன். பல வருடங்களுக்கு முன் ஏரிப்பாசனம் பற்றிய ஒரு திட்டத்தில் ஐந்து துறைகளிலிருந்து ஐந்து பேர் இருந்தோம். இரண்டு வருடத்தில் ஐவரும் சேர்ந்து ஏரிக்கரையில் நின்றது ஒரே ஒரு நாள், அதுவும் புகைப்படத்துக்காக. கடைசியில் ஒரே அட்டைக்குள் ஐந்து கட்டுரைகள் வந்தன. மதகைப் பற்றி நான் எழுதியதை அடுத்த கட்டுரை மறுத்திருந்தது. புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் அது தெரிந்தது.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். சோழர் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டுகளில் ஒரு வாய்பாடு வரும். மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் என்று தொடங்கி, உடும்பு ஓடி ஆமை தவழ்ந்தது எவ்வகைப்பட்டதும் என்று போகும். இலக்கியம் படித்தவர்கள் இதைக் கேட்டதும் ‘ஆகா’ என்போம். நானும் அப்படித்தான். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆகா என்று சொல்லவில்லை. “உடும்பு மேட்டுல ஓடும், ஆமை ஈரத்துல கிடக்கும். மேடும் பள்ளமும் ரெண்டும் சேர்த்திதான்னு எழுதி வெச்சிருக்கான். நாளைக்கு ஒருத்தன் வந்து பள்ளம் மட்டும் என்னுதுன்னு சொல்லிரக் கூடாதில்ல?” என்றார்.

அதோடு விடவில்லை. பீரோவைத் திறந்து அவர் அப்பா காலத்துக் கிரயப்பத்திரத்தை எடுத்துவந்தார். செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை விவரம்: இன்னார் நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னார் தோப்புக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள நிலமும், அதிலுள்ள மரம், கிணறு, மாமூல் வழிநடை பாத்தியமும். கல்வெட்டிலும் கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கும் என்றுதான் எல்லை சொல்வார்கள். பத்திரம் எழுதியவர் கல்வெட்டு படித்தவரில்லை. ஆயிரம் வருடத்து வாக்கியம் அவர் கைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது? இதற்குத் தமிழ்த்துறை மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. மண்ணியல் மட்டும் சொல்லிவிடவும் முடியாது. உங்கள் தோழி மண்ணை எடுத்துப் பார்த்து இந்த இடத்தில் ஒரு காலத்தில் நீர் நின்றிருக்கிறது என்பார். நீங்கள் அந்த இடத்தை ஆவணம் எந்தப் பெயரால் அழைக்கிறது என்று பார்ப்பீர்கள். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது, ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது.

இதற்கு முன்னோடிகள் நம்மிடமே இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916-ல் அவர் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று அன்றைய தென்னாற்காட்டு இருவேல்பட்டு. 1930களில் வேறு ஆய்வாளர்கள் அங்கே திரும்பிப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் அரசு அதிகாரியாக இருந்து ஆய்வுக்கு வந்த எஸ். குகனும் மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரும் சேர்ந்து போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊர், ஏறக்குறைய நூறு வருடம். ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊரில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது என்பதை வரிசையாகப் படிக்க முடிகிறது. யாரும் முதலிலேயே திட்டம் போட்டு நூறு வருடத்துக்கு நல்கை வாங்கவில்லை. முன்னால் போனவர் எழுதிவைத்ததைப் பின்னால் வந்தவர் மதித்துப் படித்தார், அவ்வளவுதான்.

இன்னொன்று, நொபொரு கராஷிமா. ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டுகளோடு வாழ்ந்தவர். திருச்சிக்குப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்ட ஈசானமங்கலத்தில் நிலம் தனித்தனி ஆட்களின் உடைமையாக இருந்தது, அல்லூரில் ஊராரின் பொது உடைமையாக இருந்தது என்று காட்டினார். பிறகு எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்து 1978-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பெயர்ப்பட்டியல்தானே என்று தோன்றும். ஆனால் யார் நிலம் வைத்திருந்தார், யாருக்கு என்ன பட்டம் இருந்தது என்பதெல்லாம் அந்தப் பட்டியலுக்குள்தான் கிடக்கிறது.

உங்கள் நெறியாளர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். சுவடிக்குச் சுவடி பாடவேறுபாடு பார்க்கப் பழகியவர் நீங்கள். அந்தப் பயிற்சி மண்ணியல்காரருக்குக் கிடையாது, பொருளாதாரக்காரருக்கும் கிடையாது. ஓர் ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் குறிக்கும் அரசுப் பதிவேடான அ-பதிவேட்டில் பழைய பிரதியையும் புதிய பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப்பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு, 1892-ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நிலத்தை ‘டி.சி.’ (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று குறிப்பார்கள். பழைய ஏட்டில் இருக்கும் அந்த இரண்டெழுத்து புதிய ஏட்டில் விடுபட்டிருந்தால் அது வெறும் எழுத்துப்பிழை ஆகாது. உ.வே.சா.வின் ஏடுகளில் ஒரு சீர் விடுபட்டால் பாட்டு தளை தட்டும். இங்கே விடுபட்டால் ஒரு குடும்பத்தின் காணி போய்விடும். மேய்க்கால் புறம்போக்கு எப்போது வெறும் தரிசு ஆனது, குடியிருப்பு நிலமான நத்தம் எதுவரை இருந்தது, எல்லாம் இந்தக் கண்ணுக்குத்தான் அகப்படும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. நிலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு ஊருக்குள் போகிறவரை யாரும் ஆய்வாளர் என்று நம்புவதில்லை. நானும் அந்த நில அளவை நண்பரும் வயலின் அளவைப் படமான புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரப்பில் எல்லைக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து சற்றுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “எந்தக் கம்பெனி தம்பி? சிப்காட்டா, பிளாட்டா?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னோம். தலையாட்டினார், நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. கல் இருந்த இடத்தைக் கடைசிவரை அவர் காட்டவும் இல்லை. அவருக்கு அது தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆகவே விண்ணப்பத்தில் ஊரில் தங்கும் நாட்களைத் தாராளமாகப் போடுங்கள், கருத்தரங்குச் செலவைக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்ததை ஊர்க்காரர்களுக்குத் தமிழில் எப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள் என்றும் எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

அப்புறம், ஒரு சின்ன விஷயம். தஞ்சைப் பக்கம் ஊரைத் தேர்ந்தெடுத்தால் மா கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஓர் ஏக்கர் என்று அங்கே வாய்க்கணக்காகச் சொல்வார்கள். ஹெக்டேர் என்று நீங்கள் ஆரம்பித்தால் கம்பெனி ஆள் என்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் நல்கையைப் பற்றி இருக்கிறது, தோழியைப் பற்றி இருக்கிறது, நெறியாளரைப் பற்றியும் இருக்கிறது. எந்த ஊர் என்று மட்டும் இல்லை. அதை முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். இருவரும் சேர்ந்தே முதல்முறை போய்வாருங்கள். அறுவடை முடிந்த பிறகு போனால் வரப்புகள் தெளிவாகத் தெரியும்.