கரகம் ஆடியது நான், பொன்னாடை வாங்கியது வேறொருத்தி

கேள்வி: வக்கீல் அம்மணிக்கு வணக்கம். பேத்தியிடம் சொல்லி எழுதுகிறேன். எனக்கு வயது 68. 16 வயதில் தலையில் ஏற்றிய கரகத்தை 54 வயதில் முழங்கால் வலியால் இறக்கி வைத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆள் வந்து, கலைஞர் உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று ஆதார் நகலையும் நான் ஆடும் போட்டோ நான்கையும் வாங்கிப் போனார். பிறகு ஆளையே காணோம். போன மாதம் நானே அலுவலகம் போனால், "இந்தப் பெயருக்குத்தான் ஏற்கெனவே பணம் போகிறதே" என்கிறார்கள். பெயர் என்னுடையது, ஆட்டப் படங்கள் என்னுடையவை, முகப் படம் மட்டும் வேறொருத்தியுடையது. பக்கத்து ஊர் மாரியம்மன் நோம்பியில் என் பெயரைச் சொல்லி அவளுக்குப் பொன்னாடையும் போர்த்தியிருக்கிறார்கள். இயந்திரத்தில் விரல் வைத்தேன், தேய்ந்த ரேகையை அது ஏற்கவில்லை. நான்தான் நான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?
- வாசகி, தாராபுரம் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் பணத்தைப் பற்றி இரண்டு வரி, அந்தப் பொன்னாடையைப் பற்றி ஒரு பக்கம். படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

விரலை நினைத்துக் கலங்காதீர்கள். உழைத்த கையில் ரேகை தேய்வது இயல்பு. ஆதாரில் உங்கள் கருவிழிகளும் பதிவாகியிருக்கின்றன. ஆதார் சேவை மையத்துக்குப் பேத்தியோடு போய், ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். செல்போன் எண் இணைந்திருந்தால், கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலை எடுக்கலாம், ரேகை, கருவிழி ஆகிய பயோமெட்ரிக் பதிவுகளையும் பூட்டி வைக்கலாம். சந்தேகம் என்றால் 1947 என்ற எண்ணில் கேளுங்கள்.

அடுத்து, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. இதில் வார்த்தை முக்கியம். "அந்தப் பெண் யார்" என்று கேட்டால், மூன்றாம் நபரின் விவரம் என்று மறுத்துவிடலாம். "என் பெயரிலும் என் ஆதாரிலும் தரப்பட்ட விண்ணப்பத்தின் நகல், இணைப்புகளுடன்" என்று கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும்.

காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். ஆள்மாறாட்ட மோசடி, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவில் வருகிறது. வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது.

இத்தனைக்கும் உயிர் கொடுக்கப்போவது உங்கள் ஆட்டத்தின் சாட்சியங்கள்தான். நான் அவிநாசிப் பக்கம் வளர்ந்தவள். நோம்பி நோட்டீஸில் "இரவு 10 மணிக்குக் கரகாட்டம்" என்ற வரிக்குக் கீழே ஆடுபவர் பெயரும் ஊரும் இருக்கும். ரோஸ் நிறக் காகிதம், கையில் மை ஒட்டும். அவற்றை மடித்துப் பெட்டியில் போட்டு வைக்கும் பெரியவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. தேடுங்கள். கோயில் கணக்கு நோட்டில் அச்சாரம் கொடுத்த பக்கத்தில் அன்றைக்கு நீங்கள் வைத்த கைநாட்டு இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, நிர்வாகியிடம் சான்று எழுதி வாங்குங்கள். செம்பு அமர்ந்த இடத்தில் உச்சந்தலை முடி இன்னும் முளைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் மனுவில் தயங்காமல் எழுதுங்கள்.

பொன்னாடை போர்த்திய விழாக் குழுவுக்கும் தனியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். அடுத்த நோம்பி மேடையில் உங்கள் பெயரைத் திருத்திச் சொல்லும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கெஞ்சி எழுத வேண்டாம்.

உங்களுக்குப் பம்பை வாசித்தவர் பவானியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ஆண்டுகள், எந்தெந்த ஊர்களில் உங்களோடு வாசித்தார் என்பதை நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக எழுதித் தரச் சொல்லுங்கள். மற்ற வேலைகள் ஒரு வாரம் பொறுக்கும், முதலில் பவானிக்கு பஸ் ஏறுங்கள். அவருக்கு 80 வயது என்கிறீர்கள்.