குட்டி நிலநடுக்கங்கள் வந்துகொண்டே இருந்தால் பெரியது வராதா?

கேள்வி: ஒரே பகுதியில் மாதக்கணக்கில் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் வந்துகொண்டே இருந்தால், உள்ளே சேர்ந்திருக்கும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும், பெரியது வராது என்கிறார்களே, உண்மையா?

வடியாது. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும், கீழே போட்டுக் காட்டுகிறேன். அதற்காக, "குட்டி வந்தால் பின்னாலேயே தாய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்பிவிடாதீர்கள். இந்த இரண்டு பேச்சையும் நான் இங்கே நிறையக் கேட்டிருக்கிறேன், சில சமயம் ஒரே ஆள் வாயிலிருந்து ஒரே வாரத்தில்.

நான் 2019-லிருந்து ஜப்பானின் கனசாவாவில் இருக்கிறேன். இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மேப்பில் பார்த்தால் ஜப்பானின் மேற்குக் கரையிலிருந்து ஒரு கட்டைவிரல் வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நோட்டோ தீபகற்பம். விரலின் அடியில் கனசாவா, நகத்தின் பக்கம் சுஸு என்ற சின்ன ஊர். காரில் இரண்டரை மணி நேரம். ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் சுஸுக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கே ஒரு பழைய மர வீட்டில் இருந்தார்கள். கூரையில் நோட்டோ வீடுகளுக்கே உரிய கறுப்பு ஓடு, பார்க்கப் பளபளவென்று அழகாக இருக்கும், கனமும் அதிகம்.

2020 டிசம்பர் வாக்கில் சுஸுவுக்கு அடியில் நடுக்கங்கள் தொடங்கின. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஜப்பானில் நிலநடுக்கம் என்ன புதிதா? ஆனால் அது நிற்கவே இல்லை. சாதாரணமாக ஒரு பெரிய நடுக்கம் முதலில் வரும், அப்புறம் பின்னதிர்வுகள் நாளாக நாளாக அடங்கும். இதில் அந்த ஒழுங்கு கிடையாது. மேக்னிட்யூட், அதாவது நடுக்கத்தின் ஆற்றலைக் காட்டும் எண், இன்று 3, நாளை மறுநாள் 2, அடுத்த வாரம் 4, அப்புறம் ஒரு மாதம் ஓய்வு, மறுபடி ஒரே நாளில் நாலைந்து. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்வார்ம் என்று பெயர், தேனீ மொய்ப்பதற்குச் சொல்கிற அதே வார்த்தை. ஜப்பானியர்கள் 'குன்பட்சு ஜிஷின்' என்பார்கள். 2023 முடிவதற்குள் மனிதர்கள் உணரும் அளவுக்கு வந்தவை மட்டும் 500-க்கு மேல். கருவி மட்டும் உணர்ந்தவை பல ஆயிரம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், நோட்டோவில் உயிருள்ள எரிமலை எதுவும் கிடையாது. உலகில் பல ஸ்வார்ம்களுக்கு அடியில் மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, நகர்வதுதான் காரணமாக இருக்கும். இங்கே அது இல்லை என்றால் வேறென்ன? பதில், தண்ணீர். பூமியின் மேலோட்டுப் பாளங்களில் ஒன்றான பசிபிக் தட்டு ஜப்பானுக்கு அடியில் செருகிக்கொண்டு போகும்போது கடல்நீரையும் பாறைக்குள் சுமந்துகொண்டுதான் போகிறது. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற அந்த நீர் பிழிந்து வெளியேற்றப்பட்டு மேலே வருகிறது. அப்படி வந்த திரவம் சுஸுவுக்குக் கீழே பதினைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குப் பக்கத்தில் பாறைப் பிளவுகளுக்குள் புகுந்திருக்கிறது என்பதுதான் கியோட்டோ, கனசாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். ஊரில் வைத்திருந்த ஜிபிஎஸ் கருவிகள் தரை சில சென்டிமீட்டர் உப்பியிருப்பதைக் காட்டின.

கொஞ்சம் தண்ணீர் புகுந்தால் பாறை ஏன் நகர வேண்டும்? வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரை ஈர மேடையில் கவிழ்த்துப் பாருங்கள். யாரும் தொடாமலே அது வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து, டம்ளரை ஒரு மயிரிழை தூக்கிவிடுகிறது, அதன் பிடிமானம் போய்விடுகிறது. பூமிக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான். ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் இரண்டு பாறைமுகங்களுக்கு நடுவே நீர் அழுத்தத்தோடு புகுந்தால், இத்தனை காலம் உராய்வால் நின்ற பிளவு நழுவுகிறது. நீர் அடுத்த பிளவுக்குப் போகும், அது நழுவும். அதனால்தான் ஒழுங்கில்லாத இந்த வரிசை.

சரி, கணக்கு. மேக்னிட்யூட் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும், இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. 2023 மே 5 அன்று, குழந்தைகள் தின விடுமுறையில், சுஸுவில் 6.5 வந்தது. அந்த ஸ்வார்மிலேயே அதுவரை வந்ததில் பெரியது அதுதான். ஒருவர் இறந்தார், நிறைய வீடுகள் சேதம். "அப்பாடா, வர வேண்டியது வந்துவிட்டது, இனி அடங்கும்" என்று பக்கத்து மேஜைக்காரரே சொன்னார். நானும் தலையாட்டினேன். எட்டு மாதம் கழித்து வந்தது 7.6. அதன் ஆற்றலை 6.5-களாகச் சில்லறை மாற்ற வேண்டுமென்றால் நாற்பது சொச்சம் வேண்டும். 4-களாக மாற்றினால் இரண்டரை லட்சம். மூன்று வருடத்தில் ஊர் உணர்ந்தது 500 சொச்சம், அதில் பெரும்பாலானவை 4-க்கும் கீழே. சமுத்திரத்தை டம்ளரால் இறைத்த கதைதான்.

அந்த 7.6 வந்த நாளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 1, புத்தாண்டு விடுமுறை. ஜப்பானில் பிள்ளைகள் சொந்த ஊருக்குப் போய்ப் பெற்றோருடன் இருக்கும் நாள், நம் ஊரில் பொங்கல் மாதிரி. என் பக்கத்து மேஜைக்காரரும் சுஸு போயிருந்தார். மாலை 4:06-க்கு அங்கே 5.5 ஒன்று வந்தது. வீட்டிலிருந்த எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம், "மறுபடியுமா" என்கிற பார்வை. அவருடைய அப்பா மட்டும் எழுந்து வெளியே போனார். மே மாத நடுக்கத்தில் ஓடுகள் உடைந்து, தச்சர் கிடைக்காமல், கூரையில் எட்டு மாதமாக நீலத் தார்ப்பாய்தான் கிடந்தது. அது நழுவியிருக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார். குளிருக்குச் சட்டை போடாமல் போகிறாரே என்று திட்டிக்கொண்டே அம்மா கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். காரில் ஏதோ எடுக்க மகனும் இறங்கினார். 4:10-க்கு வீட்டின் கீழ்த்தளம் மடங்கி, கூரை தரைக்கு வந்துவிட்டது. மூவரும் வெளியே நின்றிருந்தார்கள்.

கனசாவாவில் நான் அப்போது சமையலறையில். முதலில் விளக்கு லேசாக ஆடியது, கண்டுகொள்ளவில்லை. அப்புறம் போன் அலறியது, "ஜிஷின் தெஸ், ஜிஷின் தெஸ்", நிலநடுக்கம், நிலநடுக்கம் என்று. நோட்டோவில் ஷிண்டோ 7, எங்கள் ஊரில் 5-இன் மேல்நிலை. ஷிண்டோ என்பது மேக்னிட்யூட் அல்ல. திருவிழா அதிர்வேட்டில் எவ்வளவு மருந்து இட்டார்கள் என்பது மேக்னிட்யூட், உங்கள் வீட்டு ஜன்னல் எவ்வளவு நடுங்கியது என்பது ஷிண்டோ. ஜப்பானிய அளவுகோலில் 7-க்கு மேல் கிடையாது. அலமாரியிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் விழுந்து உடைந்தது, ஒரு வாரத்துக்கு வீடு முழுக்க அந்த வாசம். டிவியில் அறிவிப்பாளர் ஒரு பெண், எப்போதும் மென்மையாகப் பேசும் நாட்டின் பொதுத்துறைச் சேனலில், "இப்போதே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள்" என்று கத்திக்கொண்டிருந்தார். 2011-க்குப் பிறகு முதல் முறையாகப் பெரும் சுனாமி எச்சரிக்கை.

சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு நழுவியது. வாஜிமா பக்கம் கடற்கரை நான்கு மீட்டர் வரை மேலே எழும்பி, மீன்பிடித் துறைமுகங்கள் தண்ணீரில்லாமல் நின்றன. நேரடியாகவே 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதன் பிறகு முகாம்களின் குளிரிலும் நோயிலும் போனவர்களைச் சேர்த்தால் 500-ஐத் தாண்டும். மாகாணத்தின் பேரிடர்த் திட்டத்தில் இந்தப் பக்கத்துக் கடல் பிளவுக்குப் போட்டிருந்த மதிப்பீடு என்ன தெரியுமா? மேக்னிட்யூட் 7, உயிரிழப்பு 7 பேர். கால் நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு, யாரும் அதைத் திருத்தவில்லை. எனக்கு அந்த ஸ்வார்மைவிட இதுதான் இன்னும் ஆறவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் குட்டி வந்தால் தாய் வரும் என்பது சரிதானே" என்பீர்கள். அதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கனசாவாவிலிருந்து அதிக தூரமில்லாத நகானோ மாகாணத்தில் மட்சுஷிரோ என்ற ஊர். 1965 ஆகஸ்டில் அங்கே ஒரு ஸ்வார்ம் தொடங்கி, ஓய ஐந்து வருடம் ஆனது. பதிவானவை 7 லட்சத்துக்கும் மேல், மக்கள் உணர்ந்தவை 62,000-க்கும் மேல். 1966 ஏப்ரல் 17 அன்று ஒரே நாளில் உணரப்பட்டவை மட்டும் 585, அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. எப்படித் தூங்கியிருப்பார்கள்? பக்கத்து மலை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயர்ந்தது, நிலம் வெடித்து ஊற்றாகத் தண்ணீர் பொங்கியது, மொத்தம் ஒரு கோடி டன் அளவுக்கு. அங்கேயும் குற்றவாளி தண்ணீர்தான். ஆனால் அத்தனையிலும் பெரியது வெறும் 5.4. ஏழு லட்சத்தையும் கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு 6.4-க்குச் சமம். ஒருவரும் சாகவில்லை. தாய் வரவே இல்லை. நிவாரணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, பணமோ பொருளோ வேண்டாம், இது என்னவென்று புரிய வைக்கும் ஆராய்ச்சி வேண்டும் என்றாராம் அந்த ஊர் மேயர். நல்லவேளையாக, போர்க்காலத்தில் ராணுவத் தலைமையகத்தை மறைக்கத் தோண்டிய சுரங்கத்தில் ஒரு நிலநடுக்க ஆய்வகம் அந்த ஊரிலேயே இருந்தது.

2025 தொடக்கத்தில் கிரேக்கத்தின் சாண்டோரினியிலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான நடுக்கங்கள், 11,000 பேருக்கு மேல் தீவை விட்டுப் போனார்கள், பெரியது 5.3. கடலடியில் மாக்மா பக்கவாட்டில் நகர்ந்து, மேலே வராமல் அடங்கிவிட்டது.

ஆக, ஸ்வார்ம் நடந்துகொண்டிருக்கும்போது அது மட்சுஷிரோவா நோட்டோவா என்று சொல்ல யாரிடமும் கருவி இல்லை. முடிந்த பிறகுதான் பெயர் வைக்கிறோம். சொல்ல முடிந்தது நிகழ்தகவு மட்டும்தான். கலிஃபோர்னியாவில் ஒரு நடுக்கம் வந்தால், ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது அதே இடத்தில் வர வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று என்பார்கள். இருபதில் பத்தொன்பது முறை ஒன்றும் ஆகாது. அதை மட்டும் கேட்டுவிட்டு ஜனங்கள் நிம்மதியாகப் படுக்கப் போய்விடுவார்கள்.

அப்படிப் படுக்கப் போன கதைதான் இத்தாலியின் லாக்விலா. 2009-இன் முதல் மூன்று மாதமும் அங்கே சின்ன நடுக்கங்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் பரம்பரையாக ஒரு பழக்கம், நடுக்கம் வந்தால் இரவை வெளியே கழிப்பது. மார்ச் கடைசியில் ஒரு அதிகாரி டிவியில், ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருப்பதால் இது சாதகமான நிலை என்று சொன்னார். நீங்கள் கேட்டிருக்கும் அதே வாதம். ஏப்ரல் 6 விடிகாலை 3:32-க்கு 6.3 வந்தது, 309 பேர் இறந்தார்கள். அந்தப் பேச்சை நம்பி அன்றைக்கு உள்ளே படுத்தவர்களின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. முதலில் அந்த அதிகாரி, ஆறு விஞ்ஞானிகள் என ஏழு பேருக்கும் சிறைத்தண்டனை, மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலை, அந்த அதிகாரிக்கு மட்டும் தண்டனை குறைந்து நின்றது. கணிக்கவில்லை என்பதற்காக விஞ்ஞானியை உள்ளே தள்ளுவது அபத்தம். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதை என்னால் அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை.

மறுபக்கக் கூத்தும் உண்டு. 2025 ஜூனில் தெற்கே டோகாரா தீவுகளில் ஒரு ஸ்வார்ம் தொடங்கியது. அங்கே ஆடினால் கொஞ்ச நாளில் ஜப்பானில் வேறெங்காவது பெரியது வரும் என்று ஒரு நம்பிக்கை, 'டோகாரா விதி' என்று பெயரே இருக்கிறது. ஜப்பானில் எந்த மாதத்தை எடுத்தாலும் எங்காவது ஒன்று ஆடத்தான் செய்யும், பிறகு விதி எப்படிப் பொய்க்கும்? அதே நேரத்தில் ஒரு பழைய மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வைத்து ஜூலை 5-இல் பேரழிவு என்ற புரளி வேறு. வானிலை முகமையின் தலைவரே வந்து மறுக்க வேண்டியதாயிற்று. எங்கள் தமிழ் குரூப்பில் அன்றைக்கு மட்டும் நாற்பது ஃபார்வர்டு.

ஸ்வார்ம் நடக்கும் இடத்தில் நீங்களோ உங்கள் ஆட்களோ இருந்தால், "வருமா வராதா" என்பதை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். ஒவ்வொரு நடுக்கமும் சுவரையும் மூட்டுகளையும் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் போகிறது. சுஸுவில் பல வீடுகள் விழுந்ததற்கு மே மாதச் சேதமும் ஒரு காரணம். அலமாரியைச் சுவரோடு பிணைத்துவிட்டு, தலைமாட்டில் கனமான எதையும் வைக்காமல், கட்டிலடியில் ஒரு ஜோடி ஷூவோடு தூங்குங்கள், கண்ணாடி உடைந்த தரையில் வெறுங்காலோடு ஓட முடியாது. கடற்கரை என்றால் முதல் ஆட்டத்துக்கே மேட்டுக்கு நடந்துவிடுங்கள், ஐந்நூறாவது தடவையாக இருந்தாலும்.

ஜனவரி முடிவதற்குள் ஊரிலிருந்து அம்மா நூறு முறையாவது போன் பண்ணியிருப்பார். ஒருநாள் கேட்டார், "ஏய்யா, பெருசுதான் வந்துருச்சே, இனிமே வராதுல்ல?" இவ்வளவு நீளமாக எழுதத் தெரிந்த நான் அன்றைக்கு "வராதும்மா" என்று சொல்லிவிட்டேன். அதே வருடம் நவம்பர் 26 இரவு நோட்டோவுக்கு மேற்கே கடலில் 6.6. கனசாவாவிலும் கட்டில் ஆடியது. அம்மாவிடம் சொல்லவில்லை. மறுநாள் யூட்யூபில் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.