குளியலறைச் சுவரோரம் முளைத்திருக்கும் பழுப்புக் கிண்ணங்கள் என்ன காளான்? ஆபத்தானதா?

லண்டனில் உங்கள் வாடகை வீட்டுக் குளியலறையில், சுவரும் தரையும் சேரும் மூலையில் தண்டு இல்லாத பழுப்புக் கிண்ணங்கள் முளைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெசைசா பேரினத்தைச் சேர்ந்த கிண்ணக் காளான் என்று துணிந்து சொல்லலாம். வீட்டுக்குள், அதிலும் ஈரம் ஊறிய சுவர்ப்பூச்சில் முளைத்திருப்பதால், ஆங்கிலேயக் காளான் அறிஞர் மொர்டெகாய் கியூபிட் குக் 1877இல் விவரித்த பெசைசா டொமிசிலியானாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிமென்ட், மணல், நனைந்த தரைவிரிப்பு ஆகியவற்றிலும் இது வளரும்.

இளம் கிண்ணம் ஏறக்குறைய வெண்மையாக இருக்கும். முதிர முதிர உட்புறம் பழுப்பாகி, விளிம்பு விரிந்து கிழியும். நண்பர் ஒருவர் வீட்டில் இதைப் பெயர்த்தெடுத்தபோது, விரல் பட்டவுடன் மெழுகுத் தகடுபோல நொறுங்கியது. மீதித் துண்டைச் சிறு டப்பாவில் மூடிவைத்துத் திறந்ததும், வித்துகள், அதாவது காளான் இனம்பெருக்கும் நுண்துகள்கள், ஒரே வீச்சாகக் கிளம்பியது கண்ணுக்கே தெரிந்தது. குடைக்காளான்களில் இதைக் காண முடியாது.

ஆனால் இனத்தின் பெயரைப் புகைப்படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்வது சரியல்ல, ஏனெனில் பெசைசா வேரியா என்ற நெருங்கிய உறவினமும் இதே இடங்களில், இதே தோற்றத்தில் முளைக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு வித்துப்பையிலும் எட்டு வழவழப்பான நீள்வட்ட வித்துகள் இருக்கும். ஒரு சொட்டு அயோடின் விட்டால் பையின் நுனி நீலமாகும். இது பெசைசா என்பதற்கு நல்ல சான்று. டொமிசிலியானாவின் வித்து ஏறத்தாழ 11 முதல் 15 மைக்ரோமீட்டர் நீளம் கொண்டது.

மரத்தைத் தின்று வீட்டையே பாழாக்கும் செர்ப்புலா லாக்ரிமான்ஸ் இதுவல்ல. அது கிண்ணமாக நிற்காமல் தட்டையாகப் படர்ந்து, சுற்றிலும் துரு நிறத் தூள் படியவைக்கும். எனினும் உங்கள் காளானைச் சாதாரணமாக விட்டுவிட வேண்டாம். எல் நினோ மழையால் ஈரமேறிய கலிஃபோர்னிய வீடொன்றில் வளர்ந்த டொமிசிலியானா, அங்கு வசித்த பெண்ணுக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சியை உண்டாக்கியதாக 1999இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. அரிதான நிகழ்வுதான், ஆனாலும் வீட்டில் யாருக்கேனும் தொடர் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால், மருத்துவரிடம் இந்தக் காளானைப் பற்றியும் சொல்லுங்கள்.

கிண்ணத்தைச் சுரண்டி பிளீச் தெளிப்பதால் மட்டும் பயனில்லை, ஏனெனில் பூஞ்சையின் இழைகள் பூச்சுக்குள்ளேயே இருக்கின்றன. சுவருக்குப் பின்னுள்ள குழாயையும் குளியல் தொட்டியோரத்தில் நீர் கசியாமல் மூடும் அடைப்பையும் சோதித்து, கசிவை நிறுத்தி, பூச்சு உலரும்வரை அது திரும்பத் திரும்ப முளைக்கும். சுத்தம் செய்வதற்கு முன் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். வீட்டு உரிமையாளரிடம் காட்ட உதவும். ஒரு துண்டைக் காகித உறையில் உலர்த்தி வைத்தால், பின்னர் நுண்ணோக்கியிலும் பார்த்துக்கொள்ளலாம்.