ஒட்டாத சட்டி ஒட்டினால்...

வழக்கமாக மிக்ஸி, கிரைண்டர், குக்கர் ரிப்பேர் பற்றித்தான் இந்தப் பகுதிக்கு எழுதுவீர்கள். இந்தத் தடவை முக்கால்வாசிக் கடிதம் நான்ஸ்டிக் பற்றி. தீபாவளி ஆஃபரில் வாங்கியதெல்லாம் இப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது போல.

நான்ஸ்டிக் தோசைக்கல் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை அண்ணா. தோசை ஒட்டுகிறது, ஓரமெல்லாம் பழுப்பாகப் பிசுபிசுக்கிறது. கோட்டிங் போய்விட்டதா?
வாசகி, தென்காசி

அவசரப்பட்டுப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு, கோட்டிங் அநேகமாக அப்படியேதான் இருக்கும். அதற்கு மேலே எண்ணெய் படிந்திருக்கிறது. தோசை வார்க்க வார்க்க, மிச்ச எண்ணெய் சூட்டில் இறுகி வார்னிஷ் அடித்தது போல ஒரு படலமாகிவிடும். கோட்டிங் எதையும் ஒட்டவிடாது. இந்தப் படலம் எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். 'கோட்டிங் போச்சு' என்று என் கடைக்கு வருகிற கல்லில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

ஆப்ப சோடா இரண்டு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் குழைத்து, ஆறிய கல்லில் பூசி அரை மணி நேரம் விடுங்கள். தேய்க்கக் கூடாது, ஊறத்தான் வேண்டும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு சொட்டு லிக்விட் சோப்பும் விட்டு, ஸ்பாஞ்சின் மெத்தென்ற பக்கத்தால் வட்டமாகத் துடைத்தால் பழுப்பு கிளம்பி வரும். ஒரே நாளில் முழுக்கப் போகாவிட்டால் நாளைக்கு இன்னொரு தடவை செய்யுங்கள். விளிம்புள்ள சட்டி என்றால் இன்னும் சுலபம்: தண்ணீரும் சோடாவும் ஊற்றிச் சின்னத் தீயில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறியதும் துடைக்கலாம். சலவை சோடா மட்டும் வேண்டாம். அது காரம் அதிகம், கோட்டிங் இல்லாத இடத்தில் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைத்துவிடும்.

இன்னொன்று. கல் சூடேறியதும் தண்ணீரைத் தெளித்து 'சுர்' என்று சத்தம் கேட்டால்தான் நமக்கு மாவு ஊற்ற மனசு வரும். ஹோட்டலில் தண்ணீர் தெளித்து விளக்குமாற்றால் கூடத் தள்ளுவார்கள். அது விரல் தடிமன் இரும்பு, தாங்கும். உங்கள் கல்லில் இருக்கும் கோட்டிங் தலைமுடியில் பாதித் தடிமன்தான். சூட்டில் அது அலுமினியத்தைவிடப் பல மடங்கு விரியும். திடீரென்று தண்ணீர் பட்டால் கோட்டிங் ஒரு அளவும் அலுமினியம் ஒரு அளவும் சுருங்கி, பிடிப்பு தளரும்; கல்லும் நெளியும். சூடு அதிகம் என்றால் தீயைக் குறையுங்கள். சுடச்சுடக் குழாயடியில் நீட்டுவதும் இதே தப்புதான்.

வேலைக்கு வரும் அக்கா எத்தனை தடவை சொன்னாலும் கம்பி நார் போட்டே தேய்க்கிறார். என்ன செய்வது?
வாசகி, சென்னை-78

நீங்களே கழுவிவிடுங்கள். ஆறியதும் துடைத்துக் கழுவ இரண்டு நிமிஷம் ஆகுமா? சிங்க்கில் மற்ற பாத்திரத்தோடு போட்டுவிட்டு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. சில்வர் பாத்திரம் பளபளக்கவில்லை என்று நேற்று சொன்னதும் நாம்தானே?

சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், கம்பி நாரோடு பச்சை நாரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதில் உராய்வதற்கென்றே பொடி கலந்திருக்கும். சோப்புக் கட்டியிலும் தேய்க்கும் பவுடரிலும் அதே கதை. ஊறவைத்த பீர்க்கங்காய் நார் பயமில்லை.

நான்ஸ்டிக் கோட்டிங்காகப் பூசுகிற டெஃப்லானில் எதுவுமே ஒட்டாது. அது அலுமினியத்தில் மட்டும் எப்படி ஒட்டுகிறது சார்?
கல்லூரி மாணவர், கோவை

நல்ல கேள்வி தம்பி. 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் இது. சமையலறைக்கு வரப் பதினாறு வருஷம் ஆனதற்கு நீங்கள் கேட்ட இதே சிக்கலும் ஒரு காரணம். 1954-ல் பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்ற என்ஜினீயர், அலுமினியத்தை அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கி, அந்தப் பள்ளங்களுக்குள் டெஃப்லானைப் பிடிக்க வைத்தார். இன்றைக்கும் தத்துவம் அதுதான். உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, பிடிமானத்துக்கு ஒரு கோட் அடித்து, மேலே டெஃப்லான் தெளித்து, 400 டிகிரி வாக்கில் சூளையில் வைப்பார்கள்.

கரண்டிக் கீறல் ஒன்று ஏன் சட்டியையே கெடுக்கிறது என்பதும் இதில் புரியும். கீறல் அலுமினியம் வரை போய்விட்டால் உப்பும் புளித்தண்ணீரும் அது வழியாக உள்ளே இறங்கி, அடியிலிருந்து அரித்துக் கோட்டிங்கைத் தூக்கும். குழிப்பணியாரச் சட்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கம்பியால் பணியாரத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு குழியிலும் வட்டமாக உரிந்திருக்கும். மூங்கில் குச்சி போதும்.

சாண்ட்விச் டோஸ்டரின் பள்ளங்களில் சீஸ் கருகிக் கிடக்கிறது. கத்தி முனையால் சுரண்டலாமா? ஏர் ஃபிரையர் கூடையையும் எப்படிக் கழுவுவது என்று சொல்லுங்கள்.
வாசகி, திருச்சி

கத்தி வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கை பொறுக்கும் சூடு இருக்கும்போது, நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியை நடுவில் மடித்து வைத்து மூடுங்கள். கால் மணி நேரத்தில் அந்த ஈரச்சூட்டிலேயே சீஸ் இளகிவிடும். மூங்கில் குச்சி நுனியில் துணி சுற்றி, பள்ளத்தோடு இழுத்தால் வந்துவிடும். டோஸ்டரைக் குழாயில் மட்டும் காட்டாதீர்கள். தண்ணீர் உள்ளே போய், பிளக்கைச் சொருகியதும் வீட்டு டிரிப்பர் விழுந்து, அப்புறம்தான் என்னிடம் கொண்டு வருகிறார்கள்.

ஏர் ஃபிரையர் கூடைக்குச் சுடுதண்ணீர், லிக்விட் சோப், அரை மணி நேர ஊறல். சல்லடைக் கண்களுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ், மென்மையான ரகமாகப் பார்த்து. ஸ்பிரே எண்ணெய் அடிக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். பல ஸ்பிரேக்களில் சேர்க்கும் லெசித்தின் என்ற பொருள் பிசினாகப் படிந்து லேசில் போகாது.

ரைஸ் குக்கரில் சாதம் அடிப்பிடிக்கிறது. உள்பாத்திரத்தின் கோட்டிங் கெட்டுவிட்டதா?
வாசகர், புதுச்சேரி

முதலில் பாத்திரத்தை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் சூட்டுத் தட்டைப் பாருங்கள். தண்ணீர் வற்றிச் சூடு 100 டிகிரியைத் தாண்டியதும், நடுவில் இருக்கும் ஸ்பிரிங் காந்தம் பிடியை விட்டு ஸ்விட்சைத் தட்டும். ஒரு பருக்கை அங்கே காய்ந்து ஒட்டியிருந்தாலும் பாத்திரம் சரியாக உட்காராது. காந்தத்துக்குச் சேதி தாமதமாகப் போகும், சாதம் பிடிக்கும். பிளக்கை எடுத்து, ஆறியதும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பாத்திரத்தின் வெளிப்பக்க அடியையும் துடைத்துக் காயவைத்தே வையுங்கள். அரிசியை அந்தப் பாத்திரத்திலேயே களையாமல் வேறு பாத்திரத்தில் களைந்து போட்டால் கோட்டிங்கும் பிழைக்கும்.

உரிந்த துணுக்கு சாப்பாட்டில் போய்விட்டது. விஷமா? திரும்பக் கோட்டிங் போட்டுத் தருவீர்களா?
வாசகி, மதுரை

துணுக்கு ஜீரணமாகாது, அப்படியே வெளியே போய்விடும். நீங்கள் கேள்விப்படும் பயமெல்லாம் பெரும்பாலும் பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தைப் பற்றியது. தயாரிப்பில் முன்பு சேர்த்தார்கள். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2015-க்குள் அதைக் கைவிட்டன. நான் பயப்படுவது, வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்துவிட்டுப் போன் பேசப் போவதற்குத்தான். 260 டிகிரியைத் தாண்டினால் கோட்டிங் சிதைய ஆரம்பிக்கும். 350-ஐ நெருங்கினால் வரும் புகை மனிதர்களுக்குக் காய்ச்சலைக் கொடுக்கும், கூண்டில் இருக்கும் லவ் பேர்ட்ஸைக் கொன்றேவிடும்.

மறுகோட்டிங் நான் போடுவதில்லை. 400 டிகிரி சூளை என்று மேலே சொன்னேனே, என் கடையில் இருப்பது சால்டரிங் அயர்ன். பெயிண்ட் மாதிரி எதையாவது தெளித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து ஒரு இரும்புக் கல் வாங்கிவிடுங்கள். தேய்த்துத் தேய்த்துக் கல்லில் ஊறிப் பழகிய எண்ணெய்ப் படிவு போனாலும், எண்ணெய் தடவி நாலு தோசை வீணாக்கினால் திரும்ப வந்துவிடும்.