பி.ஆர்க். படிப்பும் ஆர்க்கிடெக்ட் தொழிலும்: கேள்வி பதில்

கல்லூரியில் பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டப்படிப்புக்கு ஸ்டூடியோ (வடிவமைப்பு வகுப்பு) எடுக்கிறேன், வெளியே தொழிலும் செய்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

பிளஸ் டூ மாணவி, தேனி: சார், பி.இ. சிவிலுக்கும் பி.ஆர்க்.குக்கும் என்ன வித்தியாசம்?

சிவில் நான்கு வருடம், இது ஐந்து வருடம். கட்டடம் தாங்குமா என்று கணக்குப் போடுவதுதான் சிவிலில் முக்கியம். இங்கே அந்தக் கட்டடத்துக்குள் மனிதர்கள் எப்படி நடப்பார்கள், வெளிச்சமும் காற்றும் எந்தப் பக்கம் வரும் என்பதில் தொடங்குவோம்.

ஒன்று சொல்கிறேன், புரியும். இரண்டாம் வருடப் பிள்ளைகள் மாடி வீடு வரையும்போது படிக்கட்டுக்குக் கீழே கழிவறை வைப்பார்கள். தளத்துக்குத் தளம் பத்தடி, படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் என்றால் மொத்தம் இருபது ஏற்றம். நடுவில் திரும்புகிற லேண்டிங் ஐந்தடி உயரத்தில் வரும். சிலாபின் கனம் போக அதன் கீழே மிஞ்சுவது நாலரை அடிதான். சரியாக அங்கேதான் கதவு வரைந்திருப்பார்கள். பிளானில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. செக்‌ஷன் வெட்டு (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் தெரிவதை வரை) என்று சொன்ன பிறகுதான் உள்ளே போகிறவர் தலை இடிப்பது தெரியும். ஐந்து வருடமும் அந்தக் கண்ணைப் பழக்குவதற்குத்தான்.

சேரும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு இந்த வருடம் அனுமதி இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு ஆர்க்கிடெக்ட்டாகப் பதிவு செய்ய முடியாது.

ஒரு பெற்றோர், சேலம்: நாட்டா (NATA) நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் அவசியமா?

அவசியமில்லை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் சம எடை உண்டு. அதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பெற்றோர், கரூர்: என் பையனுக்கு நன்றாக வரைய வராது. சேர்க்கலாமா?

சேர்க்கலாம். கவனித்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் போதும், கை தானாகப் பழகிவிடும்.

கல்லூரி மாணவர், மதுரை: இந்தப் படிப்பு நம் நாட்டில் எப்படி வந்தது?

நல்ல கேள்வி. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் 1896இல் வரைவாளர் வகுப்பாகத் தொடங்கியது. அலுவலகங்களுக்கு வரைபடம் போட ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1913இல் அது நான்கு வருடப் படிப்பானது. அங்கே படித்தவர்கள் 1917இல் தொடங்கிய மாணவர் சங்கம்தான் வளர்ந்து, 1929இல் இந்திய ஆர்க்கிடெக்ட்கள் கழகம் என்று ஆனது. அகமதாபாத்தில் 1962இல் ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி தொடங்கிய பள்ளி, ஸ்டூடியோவை இன்னும் திறந்த இடமாக மாற்றியது.

நம் ஊரில் 1957 முக்கியமான வருடம். இன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கும் கட்டடக்கலைப் பள்ளி அந்த வருடம்தான் சென்னைப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கியது. அதே வருடம் மாமல்லபுரத்தில் சிற்பக்கலைப் பயிற்சியும் தொடங்கியது. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதி ஸ்தபதி பின்னாளில் அங்கே தலைமை ஏற்றிருந்தார். இரண்டுக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் இந்த இரண்டு கல்வியும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டது மிகக் குறைவு. எனக்கு இது பெரிய வருத்தம்.

சிவில் இன்ஜினியர், ஈரோடு: பல வருடமாக வீடு டிசைன் செய்து கட்டித் தருகிறேன். போர்டில் ஆர்க்கிடெக்ட் என்று போடக் கூடாதா?

கூடாது சார். 1972ஆம் வருட ஆர்க்கிடெக்ட்கள் சட்டத்தின் 37ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், கப்பல் வடிவமைக்கும் நேவல் ஆர்க்கிடெக்ட் என்ற பெயர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அவரே மறுபடி: 2020இல் உச்ச நீதிமன்றமே யாரும் டிசைன் செய்யலாம் என்று சொல்லிவிட்டதே. அப்புறம் உங்கள் ஐந்து வருடம் எதற்கு?

தீர்ப்பை முழுதாகப் பார்ப்போம். டெல்லிக்கு அருகே உள்ள நொய்டா நகர வளர்ச்சி ஆணையத்தில் ‘அசோசியேட் ஆர்க்கிடெக்ட்’ என்று ஒரு பதவி இருந்தது. அதற்குக் கட்டடக்கலைப் பட்டம் கட்டாயம் என்று வைக்கவில்லை. கவுன்சில் வழக்குப் போட்டது. சட்டம் காப்பது பெயரைத்தான், பதிவு இல்லாதவர் அந்த வேலையைச் செய்வதை அது தடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. பதவியின் பெயரை மட்டும் மாற்றச் சொன்னது. ஆக, நீங்கள் டிசைன் செய்வதை நான் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. பெயர் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதேதான் சட்டம்.

ஐந்து வருடம் எதற்கு என்று கேட்டீர்கள். மேலே தேனி மாணவிக்கு எழுதிய படிக்கட்டைப் பாருங்கள்.

அவரே: அந்தப் படிக்கட்டை என் மேஸ்திரி பேப்பரே இல்லாமல் சரியாகப் போடுவார்!

போடுவார். அதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். என் மாணவர்களில் பலர் பட்டம் வாங்கும் வரை ஒரு சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் போடும் பலகைச் சட்டம்) அடிப்பதைக்கூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து வருடத்தில் ஒரு செமஸ்டர் அலுவலகப் பயிற்சி இருக்கிறது. அதிலும் பாதிப் பேர் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். நம் கல்வியின் பெரிய ஓட்டை இதுதான். அமெரிக்காவில் லைசென்ஸுக்கு 3,740 மணி நேர அனுபவமும் ஆறு பகுதித் தேர்வும் வேண்டும். இங்கே பட்டம் கையில் வந்ததுமே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவுக்கு முன் இரண்டு வருடமாவது வேலைத்தளத்தில் நிற்க வேண்டும் என்று விதி வந்தால் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

மாமல்லபுரத்தில் படித்தவர்: அப்படியானால் உளி பிடித்தே படித்த எங்களை ஏன் ஆர்க்கிடெக்ட் என்று சொல்வதில்லை?

சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமலே ஐந்து வருடம் தொழில் செய்திருந்தவர்களை முதல் பதிவேட்டில் சேர்த்தார்கள். அந்த வழி பிறகு அடைபட்டுவிட்டது. உங்களைக் கூப்பிட்டு எங்கள் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் கல்வேலை சொல்லிக்கொடுக்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை. தனிச்செய்தியில் எழுதுங்கள், பேசுவோம்.

மாணவர், கோவை: ஆர்க்கிடெக்சருக்கு ஸ்கோப் இருக்கிறதா?

இதே கேள்வி ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: வேலை இருக்கிறது, முதல் சில வருடம் சம்பளம் குறைவு. அதைத் தாங்க முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

பெற்றோர், திருநெல்வேலி: வாஸ்து பார்த்து என் வீட்டுப் பிளானைத் திருத்தித் தருவீர்களா?

இங்கே இல்லை அம்மா. உங்கள் ஊர் ஆர்க்கிடெக்ட்டிடம் காட்டுங்கள்.

பெற்றோர், வேலூர்: மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நாளைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கவுன்சில் தளத்தில் பார்த்தீர்களா? பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

நான்காம் வருட மாணவி, தஞ்சாவூர்: பயிற்சிக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று சென்னையில் பெரிய அலுவலகம், 3டி வேலை. இன்னொன்று இங்கேயே சின்ன அலுவலகம், தினமும் சைட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். எது?

தஞ்சாவூர். டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். கான்கிரீட் போடுகிற நாளில் கம்பி இடைவெளியை நீங்களே அளந்து பார்த்துவிட்டு, பிளானோடு ஒத்துப் பாருங்கள்.