தடா பகுதியில் ஐந்து அடுக்கு எஃகுக் கட்டடம்: பிரேசிங்கா, மொமென்ட் ஃப்ரேமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தமிழக எல்லையை ஒட்டி ஆந்திரப் பக்கம் இருக்கும் தடாவுக்கு அருகே 40 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரத்தில் ஐந்து அடுக்குத் தொழிற்கூடம் ஒன்றை எஃகுச் சட்டகத்தில் கட்டவிருக்கிறீர்கள். "ஆர் மதிப்பு 5 கிடைக்கும், ஸ்பெஷல் மொமென்ட் ஃப்ரேம் போடுங்கள்" என்று ஆலோசகர் சொல்கிறார்; அதாவது தூணும் உத்தரமும் விறைப்பாக இணைந்து பக்கவாட்டு விசையைத் தாங்கும் சட்டகம். பிரேசிங், அதாவது தூண்களுக்கிடையே சாய்வாக உறுப்புகளைப் பொருத்தி அந்த விசையைத் தாங்குவது, மலிவு என்று ஃபேப்ரிகேட்டர் சொல்கிறார். எல்லையில் தமிழகப் பக்கம் இருக்கும் ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எஃகுக் கட்டடங்களை வடிவமைப்பவன் என்ற முறையில் நான் பிரேசிங்கையே சொல்வேன். ஆனால் மலிவு என்பது அதற்கு முதற் காரணம் அன்று.

ஆர் மதிப்பு என்பது, கட்டடம் முறியாமல் வளைந்து கொடுக்கும் திறனை நம்பி நிலநடுக்க விசையை வகுத்துக் குறைக்கும் எண். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893 இன் 2016 பதிப்பில் ஸ்பெஷல் மொமென்ட் ஃப்ரேமுக்கு அது 5, ஸ்பெஷல் கான்சென்ட்ரிக் (உறுப்புகளின் மையக்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும்) பிரேசிங்குக்கு 4.5, சாதாரண கான்சென்ட்ரிக் பிரேசிங்குக்கு 4. காற்று விசையை இந்த எண்ணால் வகுக்க முடியாது. சென்னையைப் போலவே நெல்லூருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். இடையில் இருக்கும் தடாவும் அப்படியே. போதாததற்கு, கிழக்குக் கடற்கரையை ஒட்டிய 60 கிலோமீட்டர் பட்டையில் வரும் தொழிற்கட்டடங்களுக்கு காற்று விசைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் 2015 பதிப்பு புயல் காரணியாக 1.15 சேர்க்கச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இந்த 1.15 அழுத்தத்தில் 1.32 மடங்காகிவிடும். மாநில எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் வரைபட அனுமதி கொடுக்கும் அலுவலகம் மாறுமே தவிர, இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் அளவுகளை வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். நீளமான முகத்தில் மோதும் காற்று, அதாவது அகலத் திசையில் கட்டடத்தைத் தள்ளும் விசை, ஏறத்தாழ 1,600 கிலோநியூட்டன். கட்டடத்தின் எடையை 25,000 கிலோநியூட்டன், நிலத்தை நடுத்தரம், முக்கியத்துவக் காரணியை (கட்டடத்தின் பயன்பாட்டைப் பொறுத்து நிலநடுக்க விசையைக் கூட்டும் எண்) 1 என்று கொண்டால், தடா வரும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கான விசை ஸ்பெஷல் பிரேசிங்குக்கு 1,100 பக்கமும், அலைவு நேரம் (ஒரு முறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம்) நீண்ட மொமென்ட் ஃப்ரேமுக்கு 700 பக்கமும் வருகிறது. எந்த முறையை எடுத்தாலும் அகலத் திசையில் காற்றே ஆளுகிறது, அதாவது பெரிய விசையாக நின்று வடிவமைப்பை முடிவுசெய்கிறது; ஆலோசகர் காட்டும் 5 என்ற எண் அங்கே உங்களுக்கு ஒரு கிலோ எஃகையும் மிச்சப்படுத்தாது. இதே கட்டடம் கோயம்புத்தூரில் இருந்தால் கதை வேறு. மண்டலம் அதே மூன்றுதான், ஆனால் காற்று வேகம் 39, புயல் காரணியும் இல்லை; காற்று விசை 700க்குள் அடங்கிவிடும் என்பதால் அங்கே ஆர் மதிப்பைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

காற்று ஆளும் திசையில் கேட்க வேண்டியது விறைப்பு. உங்கள் 4 மீட்டர் அடுக்கு, காற்றில் முந்நூற்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது சுமார் 13 மில்லிமீட்டருக்கு மேல் சாயக் கூடாது. 1,600 கிலோநியூட்டனுக்கு மொமென்ட் ஃப்ரேமில் இந்த வரம்புக்குள் நிற்கத் தூணையும் உத்தரத்தையும் வலிமைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக்க வேண்டிவரும். மேலும் நமக்குக் கிடைக்கும் ஐ வடிவத் தூண் ஒரு திசையில்தான் பலமானது. இரு திசையிலும் மொமென்ட் ஃப்ரேம் வேண்டுமென்றால் பெட்டித் தூணுக்குப் போக வேண்டும், அதன் மூட்டு வெல்டிங் எளிதன்று. 1994 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் எஃகு மொமென்ட் ஃப்ரேம் கட்டடங்கள் இடிந்து விழாவிட்டாலும், அவற்றில் பலவற்றில் உத்தரத்தின் கீழ் விளிம்பு வெல்டிங் வளையாமல் விரிசல் விட்டது பின்னர்தான் தெரிந்தது. சைட்டில், கடற்காற்றில் நின்று அந்த வெல்டிங்கைத் தரமாகச் செய்து சோதித்துத் தரக்கூடிய ஆள் உங்கள் ஃபேப்ரிகேட்டரிடம் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி பிரேசிங்கின் உண்மையான தொல்லைக்கு வருகிறேன். ஃபேப்ரிகேட்டர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பார்வைக்கு இடைஞ்சல் இல்லை என்று இரு கோடிச் சுவர்களில் மட்டும், நடு 6 மீட்டர் இடைவெளியில் பிரேசிங் வைப்பது வழக்கம். 1,600 கிலோநியூட்டன் சராசரியாக 10.5 மீட்டர் உயரத்தில் தள்ளினால் கவிழ்ப்பு மொமென்ட் 16,800 கிலோநியூட்டன் மீட்டர். இரண்டு வரிசைக்குப் பங்கிட்டு 6 மீட்டரால் வகுத்தால், ஒரு தூணை மேலே பிடுங்கும் விசை 1,400 கிலோநியூட்டன். கோடித் தூணுக்கோ பாதிப் பரப்பின் சுமைதான் வரும். அதன் நிலைச்சுமை (கட்டடத்தின் சொந்த எடையால் வருவது) 400 கிலோநியூட்டனைத் தொடாது. பாதுகாப்புக்காக 1.5 மடங்கு காற்றையும் 0.9 மடங்கு நிலைச்சுமையையும் சேர்த்துப் பார்த்தால் பற்றாக்குறை இன்னும் கூடும். பழவேற்காடு ஏரிப் பக்கத்து மணலில் நீர்மட்டம் மேலே இருப்பதால், அடித்தளத்தின் மேல் கிடக்கும் மண்ணின் எடையையும் முழுதாக நம்ப முடியாது. ஆகவே பிரேசிங்கை நான்கு வரிசைகளுக்குப் பரப்புங்கள். அவற்றில் இரண்டு உள்வரிசைகளாக, படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறைச் சுவர்களுக்குள் இருக்கட்டும். பிடுங்கும் விசை பாதியாகும். உள்தூண்கள் சுமக்கும் எடை அதற்கு ஏறக்குறைய ஈடுகொடுக்கும். கோடித் தூண்களுக்கு மட்டும் இழுவிசை தாங்கும் பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) தேவைப்படலாம்.

நீளத் திசையில் காற்று சுமார் 600தான், அங்கே நிலநடுக்கம் ஆளும். அங்கும் பக்கச் சுவர்களில் சரக்கு வாசல் இல்லாத இடைவெளிகளில் பிரேசிங் வைத்தால் போதும். வாசல் மேல் தலைகீழ் வி வடிவப் பிரேசிங் வைப்பதானால், ஒரு கால் நெளிந்தபின் மறுகாலின் இழுப்பு உத்தரத்தின் நடுவில் இறங்குவதைக் கணக்கில் எடுங்கள். தூணின் நடுவில் வந்து முட்டும் கே வடிவம் வேண்டாம். நிலநடுக்க விசைக்கு எஃகுக் கட்டுமானத் தரநிலையான ஐ.எஸ். 800 அதை அனுமதிப்பதில்லை.

காற்று ஆளுகிறது என்பதால் நிலநடுக்க விவரங்களை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். முக்கியத்துவக் காரணி 1ஐத் தாண்டினால் மூன்றாம் மண்டலத்தில் சாதாரணப் பிரேசிங்குக்கு இடமில்லை. தாண்டாவிட்டாலும் நான் ஸ்பெஷல் வகையையே எடுப்பேன். ஷெட்டுக்குப் போடும் ராடு பிரேசிங் ஐந்து அடுக்குக்கு உதவாது. மெலிவு விகிதம் (தடிப்புக்கு எவ்வளவு நீளம் என்பதைக் காட்டும் எண்) 160க்குள் நிற்கும் குழாய் அல்லது ஐ வடிவம் வேண்டும். பிரேஸ் முடியும் இடத்திலிருந்து, அதைச் சட்டகத்தோடு இணைக்கும் கஸெட் பிளேட் மடங்கும் கோடு வரை பிளேட் தடிப்பைப் போல் இருமடங்கு இடைவெளி விடச் சொல்லி வரைபடத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் சைட்டில் பிரேஸைக் கடைசி வரை தள்ளி வெல்டிங் செய்துவிடுவார்கள்.