பகடை ஏமாற்றுகிறதா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து நண்பர்கள் மூவரும், ஒருவர் மாற்றி ஒருவர் ஆடும் டர்ன் முறை வீடியோ கேம் ஒன்று செய்துவருகிறோம். விதிகளை ஒன்றுவிடாமல் கோடாக எழுதிவிட்டோம். ஆடிப் பார்த்தவர்கள் பகடை ஏமாற்றுகிறது என்கிறார்கள். எதிரியின் செயலுக்கு இடையில் புகுந்து செய்யும் ரியாக்‌ஷன் வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுச் சண்டை நின்று நின்று போகிறது என்கிறார்கள். மேசையில் இதே விதிகள் நன்றாகத்தானே ஓடுகின்றன?

கே.

அன்புள்ள கே.,

மேசையில் விதிகளோடு கேம் மாஸ்டரும் இருக்கிறார். எதற்கு உருட்ட வேண்டாம், எதைக் கேட்காமலே தாண்டிவிடலாம், வரிசையாகத் தவறவிட்டவருக்கு என்ன வாய்ப்புக் கொடுக்கலாம் என்று அவ்வப்போது முடிவெடுப்பவர் அவர்தான். புத்தகத்தை மட்டும் கோடாக்கினால் அந்த வேலை விட்டுப்போகும். உங்கள் இரண்டு சிக்கலும் அதிலிருந்து வருபவை.

முதலில் பகடை. இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் என்றால் வாய்ப்பு 65 சதவீதம். அடுத்தடுத்து நான்கு முறை தவற வாய்ப்பு 1.5 சதவீதம். மேசையில் அது எப்போதாவது நடக்கும். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கில் உருட்டும் கேமில் அது வந்தே தீரும். ஆகவே பகடையில் கைவைப்பதற்கு முன் கணக்கைக் காட்டுங்கள். பகடை எண்ணும் அடிப்பவரின் திறனுக்கான எண்ணும் சேர்ந்து எதிராளியின் கவச எண்ணை எட்டினால்தானே அடி படும்? '9 + 5 = 14, கவசம் 15, தவறியது' என்று ஒவ்வொரு அடிக்கும் லாகில், அதாவது திரையில் ஓடும் சண்டைப் பதிவில், ஒரு வரி வரட்டும். சந்தேகத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

அதற்குப் பிறகும் சமன்செய்ய நினைத்தால், 'நான்கு தவறினால் ஐந்தாவது கட்டாயம் படும்' என்று மட்டும் எழுதாதீர்கள். 20 விழுந்தால்தான் அடிக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் எதிரிக்கு 5 சதவீதமாக இருந்தது, அந்த ஒரு விதியால் 22 சதவீதமாகிவிடும். கனமான கவசம் போட்டவர் ஏன் போட்டார் என்றே இல்லாமல் போகும். வார்கிராஃப்ட் 3 என்ற வீடியோ கேம் கையாண்ட வழி நல்லது. 25 சதவீத வாய்ப்பு என்றால் முதல் முறை சுமார் 8.5 சதவீதத்தில் தொடங்கி, தவறத் தவற அதே அளவு கூடி, பலித்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். சராசரி மாறாது, நீண்ட தவறல்கள் மட்டும் குறையும். எதுவானாலும், இதே விதிகளை வைத்துச் செய்த பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமில் உள்ளதுபோல், வேண்டாம் என்றால் ஆடுபவரே அதை நிறுத்திவைக்கும் வசதி இருக்கட்டும்.

பகடை எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணான ரேண்டம் சீடைச் சேவ் கோப்பிலேயே வையுங்கள். அனிமேஷனுக்கும் ஒலிக்கும் தனி சீடு. ஒரே சீடிலிருந்து எடுத்தால், திரையில் ஓர் இலை அசைந்ததற்கும் ஓர் எண் செலவாகி, கோடிலுள்ள பிழையைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கவே முடியாது.

இனி ரியாக்‌ஷன். ஒவ்வோர் அடியையும் அறிவிப்பு, உருட்டல், முடிவு, டேமேஜ் என்று தனித்தனிக் கட்டங்களாக உடைத்து, எந்த ரியாக்‌ஷன் எந்தக் கட்டத்தில் நுழையும் என்று குறியுங்கள். ஷீல்டு மந்திரம் அடி பட்டது என்று தெரிந்த பிறகு, டேமேஜுக்கு முன் வரவேண்டும். அது கவசத்தை 5 கூட்டும். கவசம் 12, எதிரியின் கூட்டுத்தொகை 18 என்றால், 17 ஆக உயர்ந்தாலும் அடி படத்தான் செய்யும். அப்போது கேட்கவே கேட்காதீர்கள். முடிவை மாற்றக்கூடிய இடத்தில் மட்டும் கேட்டால் நிறுத்தங்கள் வெகுவாகக் குறையும். கேள்வி வந்ததே எதிரியின் எண்ணைப் பற்றி ஆடுபவருக்கு ஒரு குறிப்பைக் கொடுத்துவிடும், உண்மைதான். வேகத்துக்காக அதை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு ரியாக்‌ஷனுக்கும் 'கேள், தானாகச் செய், வேண்டாம்' என்று மூன்று நிலைகளும் தேவை.

'இப்படி நடந்தால் நான் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டிச் சொல்லிவைக்கும் ரெடி ஆக்‌ஷனை வெட்டிவிடுங்கள். மனிதர் ஒருவர் கேட்டுப் புரிந்துகொண்டால்தான் அது நடக்கும். பால்டர்ஸ் கேட் 3-இலும் அது இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஓய்வு. செலவான மந்திரங்களைத் திரும்பத் தரும் நீண்ட ஓய்வை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் மந்திரவாதி முதல் சண்டையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அதற்கு ஏதாவது விலை வையுங்கள். உணவுப் பொருள், நேரம், எதுவாகவும் இருக்கலாம்.

விற்கப் போகிறீர்கள் என்றால், 2023 ஜனவரியில் எவரும் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான எஸ்ஆர்டி 5.1 என்ற விதித் தொகுப்பில் உள்ளதை மட்டும் எடுத்து, அதில் சொல்லியிருக்கும் நன்றிக் குறிப்பைச் சேருங்கள். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற அரக்கர்களின் விவரங்கள் அதில் கிடையாது.